சென்ற கடிதத்தில் விட்டுப்போனவை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. நாங்கள் இருவரும் நலம். உன் காது எப்படி இருக்கிறது? அத்தானுக்கு மருந்துக்கடையில் உட்கார ஸ்டூல் கொடுத்தார்களா, இன்னும் நின்றபடிதானா?

போனில் அத்தானிடம் எல்லாம் விவரமாகச் சொன்னேன். ஆனால் அவர் கேட்டுக்கொண்டது பத்து என்றால் உன்னிடம் வந்து சொல்வது இரண்டு. உனக்கோ போனில் ஒன்றும் காதில் விழுவதில்லை. அதனால் இனி நமக்குள் கடிதம்தான்.

அறை மூன்றாவது மாடியில். அடுப்பு, கட்டில், மேஜை எல்லாம் ஒரே அறைக்குள். கட்டிலில் படுத்தபடியே பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் பின்சுவரும் ஆறு குழாய்களும் தெரியும். உன் மாப்பிள்ளைக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை. எனக்கு ஒரு ஹோட்டலின் சலவை அறையில். உருளை இயந்திரம் படுக்கை விரிப்பைச் சூடாக வெளியே தள்ளும், நாங்கள் வாங்கி மடிக்க வேண்டும். மடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தலையில் குட்டிக் குட்டி நீ சொல்லித்தந்தது போதும்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன். எண் சரிதான், போகிற திசைதான் தப்பு. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குத் தலை சுற்றியது, எழுந்திருக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் மொழியும் வரவில்லை. உட்கார்ந்து அழுதேன் அக்கா. டிரைவர் எழுந்து வந்தார். பெண்! நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். பக்கத்தில் உட்கார்ந்து, தன் டப்பாவைத் திறந்து, பாதி ரொட்டியை என் கையில் வைத்தார். நான் தின்று முடிக்கும்வரை ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு விலாசச் சீட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். அவரும் அதே கட்டடம், நான்காவது மாடி, எங்கள் தலைக்கு மேலே!

அன்றிலிருந்து டிரைவர் அக்காதான் எனக்கு எல்லாம். காலையில் கதவைத் தட்டி எழுப்புவது டிரைவர் அக்கா. எந்தக் கடையில் அரிசி, எந்தக் கவுண்டரில் எந்தப் படிவம், எல்லாம் கையைக் காட்டிச் சொல்லித் தருவது டிரைவர் அக்கா. இப்போது இரண்டு பேருக்கும் பொதுவாக ஐம்பது சொல் சேர்ந்திருக்கிறது.

காதுக்கு மருந்து விடுவதை நிறுத்தாதே. அத்தானுக்கு என் வணக்கம்.

உன்
சுண்டு

*

மார்ச் 21

சுண்டுவுக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கே இருவரும் சௌக்கியம். இடது காது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது விண்ணப்பம் போட்டிருக்கிறது. அத்தானுக்கு ஸ்டூல் கொடுத்தார்கள். அதன்மேல் மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நிற்கிறார்.

உன் கடிதத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு வரி, அறைக்கு நான்கு வரி, மீதியெல்லாம் அந்த பஸ்காரி. 'டிரைவர் அக்கா' எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். எண்ணினால் மனசு கெட்டுப்போகும்.

யார் எவள் என்று தெரியாதவள் நீட்டினால் வாங்கித் தின்றுவிடுவாயா? நாலு வயதில் அம்மா போனபோது சித்தி சோறு ஊட்ட வந்தாள். கையைக் கடித்தாய். அந்தத் தழும்பை அவள் இன்னும் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள். எட்டு வயதுவரை என் கையைத் தவிர வேறு கைக்கு வாய் திறக்காதவள் நீ. பஸ்காரியை ஏனடி கடிக்கவில்லை?

உதவி செய்தால் நன்றி சொல், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அக்கா என்று கூப்பிடாதே. ஊரில் அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான், காய்கறிக்காரியையும் அக்கா என்போம். நீ கூப்பிடுவது அந்த மாதிரி இல்லை, எனக்குத் தெரிகிறது.

குளிருக்கு லைனிங் வைத்து இரண்டு முழுக்கைச் சட்டை தைத்து அனுப்புகிறேன். அளவு கேட்கமாட்டேன். உன் அளவு எனக்கு மனப்பாடம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
அக்கா

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பார்சல் பிரிக்கும்போதே உன் சாக்கட்டி வாசம் வந்தது. நீலச் சட்டையை அன்று முழுவதும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அத்தானின் இருமல் குறைந்ததா?

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. சட்டை கொஞ்சம் பிடித்தது. தப்பு உன் தையலில் இல்லை. இங்கே ரொட்டியும் வெண்ணெயுமாகத் தின்று நான்தான் சதை போட்டுவிட்டேன். மேல்வீட்டு டிரைவர் (அக்கா என்று எழுதவில்லை, பார்த்துக்கொள்) இரண்டு பக்கத் தையலையும் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தார். நீ உள்ளே அவ்வளவு துணி விட்டிருப்பதைப் பார்த்து, "இத தைச்சவங்க நாளைக்கும் சேத்து யோசிச்சிருக்காங்க" என்றார். உன்னைத்தான் சொன்னார்.

இங்கே எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்கள். சலவை அறையில் என்னோடு மறுமுனையைப் பிடிக்கும் பெண் பேசவேமாட்டாள், ஆனால் கனமான விரிப்பு வந்தால் கண்ணைக் காட்டிவிட்டுத் தானே தனியாக வாங்கிக்கொள்கிறாள். கீழே பூட்டு ரிப்பேர் செய்பவர் கேட்காமலேயே எங்கள் வாசலில் ஒரு நாற்காலி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். படி ஏறி வந்தால் மூச்சு வாங்குகிறது, அதைப் பார்த்திருப்பார்.

உன் மாப்பிள்ளை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன்
சுண்டு

*

மே 20

சுண்டுவுக்கு,

அக்காவின் ஆசிகள். அத்தானுக்கு இருமல் போய்விட்டது, அந்த இடத்துக்குத் தும்மல் வந்திருக்கிறது.

என் தையலைப் பிரித்தாளா?

நான் தைத்ததை இருபத்தாறு வருஷத்தில் இன்னொரு கை பிரித்ததில்லை. கல்யாணச் சட்டை தைத்துப் போனவர்கள் மூன்று பிள்ளை பெற்ற பிறகும் தளர்த்த என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் புதிதாகத் தைத்து அனுப்பியிருக்க மாட்டேனா? எதில் பிரித்தாள், பிளேடாலா, கத்தரி முனையாலா? பிளேடு என்றால் லைனிங் போயிருக்கும். கையிடுக்கில் மடிப்பைச் சரியாகத் திருப்பிப் போட்டாளா? பஸ் ஓட்டுகிறவளுக்கு ஊசியில் என்ன வேலை?

நாளைக்கும் சேர்த்து யோசித்தேன் என்றாளாமே. அது அவள் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை. உள்ளே துணி விட்டது நான் பிரித்துத் தைப்பதற்கு.

சரி, என் மனப்பாடம் தப்பாகிவிட்டது. புது அளவு அனுப்பு. மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கைச்சுற்று, கழுத்து. ஒன்றையும் விடாதே. சாக்குச் சொல்லவும் கூடாது.

உன்
அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

நலம். நீ கேட்ட அளவுகள்: மார்பு 36. இடுப்பு 35. தோள் 13½. கை நீளம் 21. கைச்சுற்று 10. கழுத்து 13.

என் கையால் டேப் பிடிக்க வரவில்லை. மேல்வீட்டு டிரைவர்தான் எடுத்தார். பிளேடு இல்லை, சின்னக் கத்தரியால்தான் பிரித்தாராம்.

இப்போது நின்று செய்யும் வேலை இல்லை. உட்கார்ந்தபடி தலையணை உறை மடிக்கிறேன். அதனால் நீ கவலைப்பட வேண்டாம்.

உன்
சுண்டு

*

ஜூலை 1

சுண்டுவுக்கு,

இந்தத் தடவை சௌக்கியம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

தோள் மாறவில்லை. கழுத்து மாறவில்லை. கைச்சுற்று நூல் பிசகாமல் பழைய பத்து. சதை போட்டவளுக்கு முதலில் கைதானே பெருக்கும்? மார்பில் மூன்று அங்குலமும் இடுப்பில் ஏழு அங்குலமும் ஏறி, கை அப்படியே இருந்தால் அதற்கு ரொட்டியும் வெண்ணெயும் காரணம் இல்லை. ஆயிரம் பேருக்கு டேப் பிடித்தவளிடம் வந்து சொல்கிறாய்.

எத்தனை மாதம்? ஆறு இருக்குமா?

சந்தோஷமடி. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும், பிறகுதான் வந்தது. முதலில் வந்தது என்ன தெரியுமா? அந்த டேப்பை உன் இடுப்பில் சுற்றியவளுக்கு இது எப்போதோ தெரியும் என்பது. அவளுக்கு மட்டுமா? பூட்டுக்காரருக்குத் தெரியும். கனமான விரிப்பைத் தானே வாங்கிக்கொள்கிறவளுக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத ஜனத்துக்கெல்லாம் தெரிந்து, கடைசியில் மிஞ்சியவள் நான். அதையும் நீ சொல்லவில்லை, டேப் சொன்னது.

முன்பு இரண்டு தடவையும் நாள் தள்ளியதும் முதலில் யாரிடம் ஓடிவந்தாய்? இரண்டும் தங்காமல் போனபோது யார் உன் கூட இருந்தது? அப்போதெல்லாம் தேவைப்பட்ட அக்கா இப்போது தேவையில்லாமல் போய்விட்டாளா?

அத்தானை விசா அலுவலகத்துக்கு அனுப்பி விசாரித்தேன். நான் அங்கே வருவதற்கான காகிதம் டிசம்பருக்கு முன்னால் கிடைக்காதாம். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு அவசரமில்லை.

இத்துடன் பஸ்காரிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்து விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டு. உன் தலைமேல் ஆணை.

அக்கா

பஸ் ஓட்டும் அம்மாவுக்கு,

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. என் தங்கைக்கு ஓர் அக்கா இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். நாலு வயதில் தாயை இழந்தவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். நீங்கள் நாலு மாதம் ரொட்டி கொடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ள முடியாது. உங்களுக்கென்று வீடு வாசல் இல்லையா? இல்லையென்றால் அதற்கு என் தங்கை பொறுப்பில்லை. அவளுக்கு அளவெடுக்க வேண்டாம். என் தையலைப் பிரிக்க வேண்டாம். நல்லது செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் குடும்பத்தில் நுழைய வேண்டாம். பிரசவத்தின்போது அவள் பக்கத்தில் நீங்கள் நிற்கக்கூடாது. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அது என் இடம்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா

*

ஆகஸ்ட் 9

சுண்டுவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என் வாசலைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். போனில் பேசினாயாம். "நல்லா இருக்காளாம்" என்றார் அத்தான். "வேறென்ன சொன்னா?" என்று கேட்டேன். "அதான் சொன்னேனே, நல்லா இருக்காளாம்" என்றார்.

உண்மையாகவே நன்றாக இருக்கிறாயா? வயிற்றில் இருப்பது நன்றாக இருக்கிறதா? அதை மட்டும் எழுது. பஸ்காரி கோபித்துக்கொண்டு போய்விட்டாளா என்று நான் கேட்கவில்லை.

நேற்று ஒரு சட்டைக்குக் காஜாவை வலது பக்கம் வைக்காமல் இடது பக்கம் வைத்துவிட்டேன். எனக்கு இப்படி ஆனதே இல்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். எட்டாம் மாதம் நடக்கிறது. தாமதத்துக்கு மன்னித்துவிடு.

உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடி டிரைவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பதில் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நம் மொழியில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் நான் எதையும் மாற்றவில்லை.

காதைக் கவனித்துக்கொள்.

உன்
சுண்டு

தங்கையின் அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எழுதும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது, ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் கை அப்படி ஆகிவிட்டது. அதனால் உங்கள் தங்கை எழுதுகிறாள்.

உங்கள் கடிதத்தை அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். எங்கள் மொழியில் சொல் தேடுகிறாள் போலிருக்கிறது என்று காத்திருந்தேன்.

'சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள், நம்ப வேண்டாம், தட்டைப் பாருங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். தட்டைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி.

'பயந்தால் சொல்லமாட்டாள், துணி மடிப்பாள். மடித்ததையே பிரித்து மடித்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள், ஒன்றும் கேட்க வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்கள். போன வாரம் நான் வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். ஒரே துண்டை நாலாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தேன். அரை மணி கழித்து அவளே வாய் திறந்தாள், முந்தின நாளிலிருந்து குழந்தை அசையவில்லை என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் பார்த்தார். ஏதோ ஊசி போட்டு ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக உதைக்கிறது. உங்கள் கடிதம் வராமலிருந்தால், துணிதானே மடிக்கிறாள் என்று நான் பஸ் எடுக்கப் போயிருப்பேன்.

'முன்பு இரண்டு தடவையும் நான் அழுது விழுந்துவிட்டேன். அவள் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதனால்தான் இந்தத் தடவை என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள், அவள்மேல் தப்பில்லை' என்று எழுதியிருந்தீர்கள். இதைப் படிக்கும்போது அவள் பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

கடைசி வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். 'பிரசவத்தின்போது அவள் பக்கத்தில் நில்லுங்கள், அது என் இடம், உங்களுக்குத் தருகிறேன்.' எப்படி அம்மா உங்களுக்கு மனம் வந்தது? நானாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். என் பஸ்ஸின் சாவியைக்கூட நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

மேல்வீட்டு டிரைவர்

*

ஆகஸ்ட் 30

சுண்டுவுக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே சௌக்கியத்துக்குக் குறைவில்லை.

அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. முதல் தடவை படித்ததும் அத்தானைக் கூப்பிட்டு, "இந்த பொம்பளைக்குப் புத்தி பிசகிடுச்சு, நான் எழுதாததெல்லாம் எழுதினேன்னு சொல்றா" என்றேன். அவர் வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு, "இது சுண்டு எழுதின கடிதம்டி. உன் பேர்ல" என்றார். பத்தில் இரண்டு சொல்கிற மனுஷர் இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டார்.

நான் ஏசி எழுதியதை நீ வாய்க்குள் போட்டுக்கொண்டு, உனக்குக் கேட்க வாய் வராததையெல்லாம் என் வாயால் கேட்டிருக்கிறாய். தட்டைப் பார்க்கச் சொன்னது நீ. பக்கத்தில் உட்காரச் சொன்னது நீ. தண்ணீர் கொடுத்த கதையைச் சொன்னதும் நீ.

அது உண்மைதான். இரண்டு தடவையும் நான்தான் விழுந்து அழுதேன். நீ பச்சை உடம்போடு எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாய். உன் கூட இருந்தது நான் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு வந்திருக்கும் வியாதியைக் கேள். பஸ்காரிமேல் இருந்த பொறாமை பாதி குறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறொன்று வந்திருக்கிறது. நீ படித்துக் காட்டிய கடிதத்தை எழுதினாளே ஓர் அக்கா, அவள்மேல் வயிறு எரிகிறது. எவ்வளவு நல்லவள்! கேட்காமலே தெரிந்துகொள்கிறாள், தன் இடத்தைத் தூக்கிக் கொடுக்கிறாள், கோபமே வரவில்லை அவளுக்கு. உனக்கு வேண்டியிருந்த அக்கா அவள்தான் என்று புரிந்தபோது மிஷினை நிறுத்திவிட்டுக் கடையைச் சாத்தினேன். பட்டப்பகலில்.

அவளாக ஆக என்னால் முடியாது. ஆனால் அவள் எழுதியதை நான் பொய்யாக்கப்போவதில்லை. டிரைவர் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். இதை மட்டும் மாற்றாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், உள்ளதை உள்ளபடி படி.

உன்
அக்கா

டிரைவர் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் பதில் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அதனால் சொல்லாமல் விடுகிறேன்.

சென்ற கடிதத்தில் சில விட்டுப்போயின. வலி வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருப்பாள். நல்ல பெண் என்று நினைத்துவிட வேண்டாம். கத்தச் சொல்லுங்கள். காலில் குளிர் ஏறினால் பயப்படுவாள், உள்ளங்காலைத் தேய்த்துவிடுங்கள். தைரியம் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. வேறு கதை ஏதாவது பேசுங்கள், பஸ்ஸில் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று.

நீலச் சட்டையின் பக்கத் தையலில் இன்னும் ஓர் அங்குலம் உள்ளே இருக்கிறது. வேண்டுமானால் பிரித்துக்கொள்ளுங்கள்.

அவள் பக்கத்தில் நில்லுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே பொறாமைப்படுவேன். அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை, பட்டுக்கொண்டேதான் இருப்பேன். நீங்கள் அதைப் பொருட்படுத்தாமல் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அக்கா

*

அக்டோபர் 6

என் அக்காவுக்கு,

பெண் குழந்தை. செப்டம்பர் 27, காலை பத்தே கால். மூன்று கிலோ. நானும் அவளும் நலம். அத்தான் போனில் கேட்டதை உன்னிடம் "பொறந்தாச்சு" என்பதோடு முடித்திருப்பார். ஆகவே மற்றதை நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் டிரைவரை உட்காரவைத்துப் படித்தேன். சத்தியமாக ஒரு சொல் மாற்றவில்லை. பொறாமைப்படுவேன் என்று நீ எழுதிய இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இத எழுதினது யாரு? நீயா, உன் அக்காவா?"

"அக்காதான்" என்றேன்.

"அப்படித்தான் தெரியுது. போன தடவ நீ படிச்சுக் காட்டின அக்கா ரொம்ப நல்லவங்களா இருந்தாங்க. அவ்வளவு நல்லவங்க எழுதினா தாள் மூணு இடத்துல கிழியாது."

முதல் நாளே தெரிந்திருக்கிறது அக்கா! தாளைப் பார்த்தே, நீ பேனாவை அழுத்தியிருந்ததைப் பார்த்தே. அப்புறம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "நீ கேட்டதெல்லாம் நியாயமா இருந்துச்சு. யார் பேர்ல கேட்டா என்ன?" என்றார். பிறகு உன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இவங்களத்தான் பிடிச்சிருக்கு" என்றார்.

வலி வந்த அன்று அவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். உன் மாப்பிள்ளை வாசலில் ஒரு தடவை, உள்ளே வந்து ஒரு தடவை என்று இரண்டு முறை மயங்கியதால் நர்ஸ் அவரைப் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. டிரைவர் என் காலைத் தேய்த்தார். பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு ஏறியவர் கதையைச் சொன்னார். நான் உதட்டைக் கடித்ததும், "கத்தச் சொல்லியிருக்காங்க, கத்து" என்று அதட்டினார். கத்தினேன். அவர் கையை நான் நெரித்த நெரிப்பில் மணிக்கட்டு வீங்கி இரண்டு நாள் பஸ் ஓட்ட முடியவில்லை.

உன் இடத்தில்தான் நின்றார் அக்கா. நன்றாகவே நின்றார். குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவர்தான், முதலில் முத்தம் கொடுத்ததும் அவர்தான். எதையும் உனக்கு மறைக்கப்போவதில்லை.

நீ பொறாமைப்படு. நன்றாகப் படு. நீ பொறாமைப்படாமல் விட்டுவிட்டால்தான் நான் பயந்துபோவேன்.

உன்
சுண்டு